ஒப்புகையா, ஒப்புதலா?

ஐயா,
தட்டச்சு நிலையம் வைத்திருக்கிறேன். போன வாரம் ஓர் ஆய்வு மாணவர் தன் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். வழிகாட்டிக்கும் பெற்றோருக்கும் நன்றி சொல்லும் பக்கத்துக்கு ‘ஒப்புகை’ என்று தலைப்பு. கேட்டால், “அக்னாலெட்ஜ்மென்ட்டுக்கு அகராதியில் அதுதான் இருக்கிறது” என்கிறார். அப்படியே அடித்துவிடவா?
– ம.

அன்புள்ள ம.,

வேண்டாம், ‘நன்றியுரை’ என்று அடியுங்கள். வெறும் ‘நன்றி’ என்றாலும் போதும். மாணவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆங்கிலத்தில் ஒரே சொல் பார்க்கும் வேலையைத் தமிழில் மூன்று நான்கு சொற்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன.

ஒப்புகை காகிதத்தோடு போகிற சொல். பதிவுத் தபாலோடு சேர்த்து அனுப்பி, பெற்றவர் கையெழுத்தோடு திரும்பி வந்த அட்டை ஒப்புகை அட்டை. வாக்களித்ததும் கண்ணாடிக்குள் 7 விநாடி தெரிந்துவிட்டுப் பெட்டிக்குள் விழுகிறதே, அதையும் நாளிதழ்கள் ஒப்புகைச் சீட்டு என்றுதான் எழுதுகின்றன. ‘வந்து சேர்ந்தது’ என்பதற்கு மேல் அதில் வாக்குறுதி எதுவும் கிடையாது.

இதை ஒப்புதலோடு குழப்பிக்கொண்டால் வம்பு. என் சித்தப்பா பட்டா மாறுதலுக்கு மனு கொடுத்தபோது ஒரு சீட்டு தந்தார்கள். தலைப்பில் ‘ஒப்புதல் சீட்டு’ என்று அச்சாகியிருந்தது. மனிதர் அதை லேமினேஷன் போட்டு, பீரோவில் பத்திரத்தோடு வைத்துவிட்டார். மனுவுக்கு ஒப்புதலே கிடைத்துவிட்டதாக நினைப்பு! எட்டு மாதம் கழித்து வில்லங்கம் பார்க்கப் போன இடத்தில்தான், பட்டா இன்னும் பழைய பெயரிலேயே இருப்பது தெரிந்தது. அச்சில் ஒரு சொல்தான் பிசகு.

கடன் விஷயத்தில் அக்னாலெட்ஜ்மென்ட்டுக்குப் பல்லே உண்டு. புரோநோட்டு எழுதி 3 ஆண்டு தாண்டினால் வழக்குப் போட முடியாது, டைம்பார் ஆகிவிடும். அதற்குள் கடன் வாங்கியவர், பாக்கி இருப்பது உண்மை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து மறுபடி 3 ஆண்டு. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், 18ஆம் பிரிவு. திருப்பித் தருகிறேன் என்றுகூட எழுத வேண்டியதில்லை. ‘பாக்கி இருக்கிறது, ஆனால் தர மாட்டேன்’ என்று முறைத்துக்கொண்டு எழுதினாலும் செல்லும். இங்கே ‘கடனை ஒப்புக்கொள்ளுதல்’ என்பதே சரி.

அப்புறம், உங்கள் மாணவரின் பக்கத்துக்கு வள்ளுவரிடமே சொல் இருக்கிறது. 11ஆம் அதிகாரம், செய்ந்நன்றி அறிதல். ‘தினைத்துணை நன்றி செயினும்’ என்கிறார் பாருங்கள், அவருக்கு நன்றி என்பது ‘செய்வது’, அதாவது உதவி. பெற்றவன் செய்ய வேண்டியது அறிதல். அக்னாலெட்ஜ்மென்ட்டுக்குள்ளும் நாலெட்ஜ் இருக்கிறது அல்லவா? எனக்குப் பிடித்த பொருத்தம் இது. நாமோ உதவியின் பெயரை எடுத்து, அதற்குச் சொல்லும் பதிலுக்கு வைத்துவிட்டோம். ‘நன்றியறிதல்’ என்றே தலைப்பிட்டால் அழகாக இருக்கும்; வழிகாட்டி புருவம் உயர்த்தினால் நன்றியுரைக்கே திரும்பிவிடலாம்.

ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்கும்போது தேதி முத்திரை குத்தி ஒரு சீட்டு தருவார்கள். ஒப்புகை அதுதான். வாங்காமல் வந்துவிட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.