4 அங்குல அகலமுள்ள ஃபேட் டயர் போட்டும் சைக்கிள் மணலில் புதைகிறது. 4.8 அங்குலத்துக்கு மாற்றினால் சரியாகுமா?

மாற்ற வேண்டாம். முதலில் காற்றை இறக்குங்கள்.

இருபது அடி போவதற்குள் முன்சக்கரம் புதைந்து காலை ஊன்ற வேண்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். டயரில் எவ்வளவு காற்று என்று எழுதவில்லை. ரோட்டில் ஓட்டிய அதே 20 பிஎஸ்ஐயோடு (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) மணலில் இறங்கியிருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன். இந்தக் கேள்வியைக் கேட்கிற பெரும்பாலோர் நிலைமை அதுதான். 2005-இல் சர்லி என்ற சைக்கிள் நிறுவனம் பக்ஸ்லி என்ற ஃபேட் பைக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதிலிருந்த டயர் 3.7 அங்குலம், ரிம் 65 மில்லிமீட்டர். அதைக் கொண்டே பனியிலும் மணலிலும் ஓட்டினார்கள். உங்களுடையது அதைவிட அகலம்.

கணக்கு எளிது. சக்கரத்தின் மேலுள்ள எடையை டயரின் அழுத்தத்தால் வகுத்தால், டயர் தரையில் பதிகிற பரப்பு கிடைக்கும். ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ என்றால் பின்சக்கரத்தில் 50 கிலோ, அதாவது 110 பவுண்டு விழும். 20 பிஎஸ்ஐயில் 5.5 சதுர அங்குலம்தான் தரையைத் தொடும். அதே டயர் 5 பிஎஸ்ஐயில் 22 சதுர அங்குலம். டயர் சுவரின் விறைப்பால் உண்மையில் இதைவிடச் சற்றுக் குறையும். ஆனாலும் நான்கு மடங்கு வித்தியாசத்தை டயரை மாற்றிப் பெற முடியாது.

90 கிலோ மொத்த எடைக்கு, உலர்ந்த மணலில் முன்னால் 5, பின்னால் 6 என்று தொடங்குங்கள். புதைந்தால் அரை அரை பிஎஸ்ஐயாக இறக்குங்கள். மிக மென்மையான மணலில் 4 வரை போகலாம். அளவு சரியா என்று தடத்தைப் பார்த்தே சொல்லலாம். டயரின் முழு அகலமும் தட்டையாகப் பதிந்திருந்தால் சரி. நடுவில் பள்ளமும் இரு பக்கம் மணல் வரப்பும் எழும்பியிருந்தால் இன்னும் காற்று அதிகம்.

‘5 பிஎஸ்ஐயா? ரிம் நசுங்கிவிடும்’ என்று கீழே ஒருவர் வருவார், தெரியும். கல்லில் அதே காற்றோடு ஓட்டினால் நசுங்கத்தான் செய்யும். நான் சொல்வது மணலுக்கு.

கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக் காற்றை முடிவு செய்யாதீர்கள். டயர் துணியின் இழுவிசை, அழுத்தத்தையும் டயரின் பருமனையும் பெருக்கி வருவது. 4 அங்குல டயரில் 10 பிஎஸ்ஐ இருந்தால், 2 அங்குல டயரில் 20 இருப்பதுபோல விரலுக்குத் தெரியும். சாதாரண சைக்கிளில் பழகிய கை அதனால்தான் ஏமாறுகிறது. பம்பிலுள்ள மீட்டரும் உதவாது. 160 வரை குறிக்கும் மீட்டரில் 4-க்கும் 7-க்கும் முள் அசையவே அசையாது. 0 முதல் 15 பிஎஸ்ஐ வரை மட்டும் காட்டும் குறைந்த அழுத்த மீட்டர் தனியாகக் கிடைக்கும். ஃபேட் பைக்குக்கு வேறு எந்த உபகரணமும் வாங்காவிட்டாலும் அதை வாங்குங்கள்.

வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 25 டிகிரியில் 5 பிஎஸ்ஐ வைத்த டயர் வெயிலில் கிடந்து 50 டிகிரிக்குச் சூடேறினால் உள்ளே 6.6 ஆகிவிடும். சாதாரண டயரில் இந்த ஒன்றரை பிஎஸ்ஐ யாருக்கும் தெரியாது. இங்கே அது மூன்றில் ஒரு பங்கு. அதனால் அளவை மணலில் இறங்கும் இடத்தில் பாருங்கள், வீட்டில் அல்ல.

ட்யூப் போட்டு இவ்வளவு குறைந்த காற்றில் ஓட்டும்போது ஒரு சிக்கல் உண்டு. பெடலை அழுத்தி மிதிக்கையிலும் பிரேக் பிடிக்கையிலும் டயர் ரிம்மின் மேல் மெல்ல நகரும். ட்யூபும் கூடவே இழுபட்டு வால்வின் அடியில் கிழியும். இந்த இடத்தில் பஞ்சர் ஒட்ட முடியாது. வால்வு சாய்ந்திருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். சாய்ந்திருந்தால் காற்றை முழுக்க விட்டு டயரைத் திருப்பி நேராக்குங்கள். வால்வு நட்டை ரிம்மோடு இறுக்கி வைத்தால் சாய்வது கண்ணுக்குத் தெரியாமல் கிழிந்துவிடும், அதனால் தளர்த்தியே வையுங்கள். ட்யூப்லெஸ் ஆக்கினால் இந்தத் தொல்லை இல்லை. டயருக்கு 120 முதல் 180 மில்லி சீலன்ட் (உள்ளிருந்தே ஓட்டையை அடைக்கும் திரவம்) தேவைப்படும். ஆனால் ரிம்மின் விளிம்பில் டயர் இறுக்கமாக உட்காராத சக்கரங்களில் இதை முயல வேண்டாம்; குறைந்த காற்றில் திருப்பும்போது ஓரம் விட்டுக் காற்று போய்விடும்.

காற்றைத் திரும்ப ஏற்றுவதுதான் பெரும்பாடு. இந்த டயருக்குள் சுமார் 15 லிட்டர் இடம் இருக்கிறது. 5-லிருந்து 15 பிஎஸ்ஐக்கு வர ஏறக்குறைய 10 லிட்டர் காற்று வேண்டும். ஒரு தள்ளுக்கு 50 மில்லி தரும் சின்னக் கைப்பம்பில் டயருக்கு இருநூறு தள்ளு. 16 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பி ஒன்று காலி டயரை 8 பிஎஸ்ஐ வரை கொண்டுபோகும், அவ்வளவுதான். வண்டிகளுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். டயர் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவு பெரும்பாலும் 20 முதல் 30-க்குள் இருக்கும். கம்ப்ரசர் அதைக் கண் இமைப்பதற்குள் தாண்டிவிடும்.

காற்றை இறக்கியும் ஓடவில்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது டயர் துணி. ஓரத்தில் டிபிஐ என்று ஓர் எண் இருக்கும்; துணியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்பது அது. விலை குறைந்த வண்டிகளில் 30 அல்லது அதற்கும் கீழே, கம்பி விளிம்போடு வரும். அந்தத் தடித்த துணி காற்று குறைந்தாலும் எளிதில் மடங்கித் தட்டையாகாது. 60 அல்லது 120 டிபிஐ டயர் அதே 4 அங்குலத்தில் போட்டாலே வித்தியாசம் தெரியும். செலவு செய்தே தீருவேன் என்றால் இதற்குச் செய்யுங்கள். 4.8 வாங்குவதற்கு முன் ஃபிரேமில் டயருக்கு இரு பக்கமும் 6 மில்லிமீட்டராவது இடைவெளி மிஞ்சுமா, முதல் கியரில் செயின் டயரை உரசுமா என்று அளந்து பாருங்கள். 4 அங்குலத்துக்குச் செய்த ஃபிரேம்கள் பலவற்றில் இடமிருக்காது.

அகலச் சக்கரம் மாற்றப் போகிறவர்கள் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) அளவில் மாட்டிக்கொள்வார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பின் ஹப்பின் அகலம் முதலில் 135 மில்லிமீட்டராக இருந்தது, பிறகு 170, பிறகு 177, 190, 197. ஒன்றின் சக்கரம் இன்னொன்றில் ஏறாது. கிராங்க் அச்சும், அதாவது பெடல் தண்டுகளை இணைக்கும் அச்சும், அதற்கேற்ப மாறும். டயர் அகலமாக அகலமாக ஹப்பும் அகல வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் 170 வந்த சூட்டிலேயே 177 எதற்கு என்று வாங்கியவன் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. நல்ல ஃபிரேம்கள் சக்கரம் கிடைக்காமல் மூலையில் சாய்ந்து கிடக்கின்றன. சரி, உங்கள் கேள்விக்கு வருவோம்.

கியர். மணலில் முன் பல்சக்கரம் 28 அல்லது 30, பின்னால் பெரியது 42 பல்லாவது இருக்க வேண்டும். கியரே இல்லாத, அல்லது பின்னால் 28 பல்லோடு நின்றுவிடும் ஃபேட் பைக்குகள் ஈர மணலில் ஓடும். உலர் மணலில் உங்கள் முட்டிதான் பதில் சொல்லும். மணலுக்குள் நுழைவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். உள்ளே போய் மாற்றினால் மிதி ஒரு கணம் விட்டுப்போகும், வண்டி அங்கேயே நிற்கும்.

எழுந்து நின்று மிதிக்காதீர்கள். பின்சக்கரம் எடையிழந்து சுற்றிச் சுற்றிக் குழி தோண்டும். சீட்டில் கொஞ்சம் பின்தள்ளி உட்கார்ந்து, ஒரே சீராக மிதியுங்கள். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்து நேராக்க முயன்றால் முன்சக்கரம் குறுக்கே திரும்பி உழும். முழங்கையைத் தளரவிட்டால் அது தானே வழி கண்டுபிடிக்கும். வளைவை அகலமாக எடுங்கள். நின்றுவிட்டால் அதே குழியிலிருந்து கிளம்பப் பார்க்காமல், இறக்கமான பக்கம் தள்ளிக்கொண்டு போய், முன்பெடல் உச்சியைச் சற்றுத் தாண்டிய நிலையில் வைத்து ஏறுங்கள்.

எந்த மணல் என்பதும் முக்கியம். ஈரம் மணலைப் பிடித்து வைக்கும். கடற்கரையில் அலை வாங்கிப் போன பகுதி கெட்டி. அலை புரளும் இடத்தில் நீர் நிறைந்து மறுபடி இளகிவிடும், மேலே உலர்ந்த பகுதியும் இளக்கம். மணல்மேட்டில் காற்று வந்து மோதும் சரிவில் ஏறலாம். மறுபக்கம் 32, 34 டிகிரிச் சரிவில் மணல் சும்மா நிற்கிறது, கால் வைத்தால் சரியும். அங்கே ஏற முயல வேண்டாம். மேட்டில் செடிகொடி இருக்கும் இடத்தையும் விட்டுவிடுங்கள்; மணலைப் பிடித்து வைத்திருப்பதே அவைதான்.

மணல் முடிந்து கல்லும் வேருமான பாதை வந்தால் இறங்கிக் காற்றடியுங்கள். முன்னால் 8, பின்னால் 10. அதற்கு மேல் போனால் டயர் பந்துபோல் எகிறும். ஃபேட் டயர் அதிர்ச்சியை வாங்கும், ஆனால் வாங்கியதை அடக்காமல் அப்படியே திருப்பிக் கொடுக்கும். தார் ரோட்டுக்கு 15-ஆவது வேண்டும். 6 பிஎஸ்ஐயில் ரோட்டில் திருப்பினால் ஹேண்டில் தானாக உள்பக்கம் இழுக்கும். அது வண்டியின் கோளாறு அல்ல.

கடற்கரையில் ஓட்டினால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுங்கள், பீய்ச்சி அடிக்காமல் ஊற்றி. வேகமாக அடித்தால் உப்பும் மணலும் ஹப், கிராங்க் பேரிங்குகளுக்குள் போய்விடும். செயினுக்கு ஒட்டும் எண்ணெய் வேண்டாம், மெழுகு வகை போடுங்கள். அலைக்குள் இறக்கி ஓட்டும் வீடியோக்களைப் பார்த்து ஆசைப்பட்டால், பேரிங் மாற்றும் செலவையும் சேர்த்தே யோசியுங்கள்.