500 பேரைக் கேட்டும் போதவில்லையா?

கேள்வி: பி.காம். ப்ராஜெக்டுக்காக, எங்கள் ஊரில் ஆன்லைனில் எவ்வளவு பொருள் வாங்குகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் படிவம் அனுப்பி 500 பேரிடம் பதில் வாங்கினேன். தொழிலுக்கு விவசாயி 1, வியாபாரி 2, அரசு ஊழியர் 3 என்று எண் கொடுத்தேன், சராசரி 2.4. இரண்டையும் சார் அடித்துவிட்டார். இன்னும் எத்தனை பேரைக் கேட்க வேண்டும்?
(மாணவி, திருவாரூர்)

பதில்: எண்ணிக்கையில் குறை இல்லை, அம்மா. வாட்ஸ்அப் இல்லாத ஒருவர்கூட உங்கள் 500-ல் இல்லை. வாட்ஸ்அப் இல்லாதவர்கள் பெரும்பாலும் ஆன்லைனில் வாங்காதவர்கள்தானே? இன்னும் 5,000 பேருக்கு அனுப்பினாலும் அவர்கள் வரப்போவதில்லை.

1936-ல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் 'லிட்டரரி டைஜஸ்ட்' வார இதழ் சுமார் ஒரு கோடிப் பேருக்குத் தபாலில் மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. லாண்டன் என்ற வேட்பாளர்தான் ஜெயிப்பார் என்று எழுதினார்கள். ஜெயித்தவர் ரூஸ்வெல்ட், ஏறத்தாழ 61 சதவீத வாக்குகளோடு! லாண்டனுக்குக் கிடைத்தவை இரண்டே மாநிலங்கள். முகவரிகளைப் பெரும்பாலும் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும் எடுத்திருந்தார்கள். வேலையில்லாமல் ஊரே தவித்த காலம் அது. போனும் காரும் வசதியுள்ள வீடுகளில்தான் இருந்தன. சீட்டைத் திருப்பி அனுப்பாதவர்களின் மனசும் கணக்கில் வரவில்லை. அந்த இதழைவிட மிகச் சிலரை மட்டுமே கேட்ட கேலப் என்ற கருத்துக்கணிப்பாளர், ரூஸ்வெல்ட் என்று சரியாகச் சொன்னார்.

என் அப்பா நெல் வியாபாரி. மூட்டை வந்தால் வாய்ப்பக்கம் மட்டும் குத்தூசி போட மாட்டார். நடுவிலும் அடியிலும் குத்தி, உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பார். மேலே நல்ல நெல்லைப் போட்டுக் கட்டுகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

அதனால் வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். வார்டுவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வார்டிலும் அதன் அளவுக்கேற்பக் குலுக்கிப் பெயர்களை எடுங்கள். 100 பேர் போதும், ஆனால் நேரில் போக வேண்டும். வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டைக் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். சாயங்காலம் மறுபடி போங்கள். பகலில் வேலைக்குப் போகிறவர்கள் விட்டுப்போகக் கூடாது.

அப்புறம் அந்த 2.4. தொழிலுக்குக் கொடுத்த எண் வெறும் பெயர்தான். வரிசையை மாற்றினால் சராசரியும் மாறிவிடும். எத்தனை பேர் எந்தத் தொழில் என்று மட்டும் எழுதுங்கள். 'திருப்தி 1 முதல் 5' என்று கேட்டிருந்தால் வரிசை உண்டு, படிகளுக்கு இடையே தூரம் சமம் என்று சொல்ல முடியாது. பதில்களை வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்கும் இடைநிலை அளவைக் கொடுங்கள். மாதச் செலவை ரூபாயில் கேட்டிருந்தால் கவலையே இல்லை. அங்கே பூஜ்யம் என்றால் நிஜமாகவே ஒன்றும் செலவில்லை. சராசரியும் போடலாம், 'இவர் செலவு அவரைப்போல் இரண்டு மடங்கு' என்றும் எழுதலாம்.