மலைப்பாதையில் சைக்கிள் ஓட்ட ஹெல்மெட் எப்போதும் வேண்டுமா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

நீலகிரியில் எஸ்டேட் ரோடுகளிலும் மண்பாதைகளிலும் புதியவர்களுக்கு எம்டிபி, அதாவது மவுண்டன் பைக் எனும் மலைச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். ஹெல்மெட் பற்றி ஆளாளுக்குத் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்ததால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கேட்கச் சொன்னேன். மலையில் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தால் ஹெல்மெட் தலையில் இருக்க வேண்டும், ஸ்ட்ராப் மாட்டியிருக்க வேண்டும் என்பதுதான் என் நிலை.

கார்த்திக், குன்னூர்: அண்ணா, நான் எஸ்டேட் ரோட்டில் மெதுவாகத்தான் போவேன். 10 கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. அதற்கும் ஹெல்மெட்டா?

அதற்கும்தான். எல்லோரும் சைக்கிளின் வேகத்தைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள், தலை இருக்கும் உயரத்தை யாரும் யோசிப்பதில்லை. சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஒன்றரை மீட்டராவது மேலே இருக்கும். அந்த உயரத்திலிருந்து விழும் எதுவும் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும், சைக்கிள் நின்றுகொண்டிருந்தாலும் சரி. ஐரோப்பாவின் சைக்கிள் ஹெல்மெட் தரமான ஈஎன் 1078-இன் சோதனையில் ஹெல்மெட்டைத் தட்டையான இரும்பின்மேல் மோதவிடும் வேகம் நொடிக்கு 5.42 மீட்டர், அதாவது இதே ஒன்றரை மீட்டர் வீழ்ச்சிதான். நீங்கள் சொல்லும் மெதுவான விழுகையை மனதில் வைத்துத்தான் ஹெல்மெட்டே செய்கிறார்கள்.

இன்னொன்று, எஸ்டேட்டில் நீங்கள் விழப்போவது மெத்தென்ற மண்ணில் என்று நினைக்காதீர்கள். கவாத்து செய்த தேயிலைத் தூர்கள் எவ்வளவு கெட்டியாக, கூராக நிற்கும் என்று குன்னூர்க்காரரான உங்களுக்குத் தெரியும். வடிகால் ஓரக் கல் வேறு. மெதுவாகப் போகும்போது முன்சக்கரம் ஒரு வேரில் மாட்டினால் கையை ஊன்றுவதற்குள் ஆள் கீழே கிடப்பார்.

பிரியா, ஈரோடு: 500 ரூபாய்க்கு ஆன்லைனில் ஹெல்மெட் கிடைக்கிறது. வாங்கலாமா?

விலையை வைத்து என்னால் சொல்ல முடியாது, உள்ளே ஒட்டியிருக்கும் தரச் சான்றைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஈஎன் 1078 அல்லது அமெரிக்காவின் சிபிஎஸ்சி என்று இருக்க வேண்டும். சிபிஎஸ்சி தரம் 1999-லிருந்து அமெரிக்காவில் விற்கும் சைக்கிள் ஹெல்மெட்டுகளுக்குக் கட்டாயம். அதில் தட்டையான பரப்பின்மேல் 2 மீட்டர் உயரத்திலிருந்து போடுகிறார்கள், உள்ளே வைத்திருக்கும் தலை வடிவ மாதிரிக்கு 300 ஜி-க்கு (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) மேல் அதிர்ச்சி போகக் கூடாது. ஈஎன் தரத்தில் உயரம் குறைவு, ஆனால் வரம்பு 250 ஜி.

பெயர் தெரியாத விற்பனையாளரிடம் வாங்கினால் ஸ்டிக்கரே போலியாக இருக்கலாம். சைக்கிள் கடைக்கு நேரில் போய் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். டிவிப் பெட்டிக்குள் வரும் தெர்மாகோல் இருக்கிறதே, அதே பொருள்தான், இன்னும் கெட்டியாக, தலையைச் சுற்றிலும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக்கும் நாலு ஸ்பாஞ்சுத் துண்டும் மட்டும் இருந்தால் தொடாதீர்கள்.

முருகேசன், சேலம்: பைக் ஹெல்மெட் வீட்டில் இருக்கிறது. அதையே போட்டுக்கொண்டு ஏற்காடு ஏறலாமா சார்?

ஒரு கிலோவுக்கு மேல் எடை, காற்றோட்டம் குறைவு. ஏற்காடு ரோட்டில் நாலாவது வளைவிலேயே கழற்றி ஹேண்டிலில் மாட்டிவிடுவீர்கள். சாதாரண எம்டிபி ஹெல்மெட் 300, 400 கிராம்தான் இருக்கும். அதை வாங்குங்கள்.

ஆனந்த், கொல்லிமலை: 70 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது வியர்த்துக் கொட்டுகிறது. ஏறும்போது கழற்றிவிட்டு இறங்கும்போது மட்டும் போட்டால் போதாதா?

இதை நல்ல ஓட்டுநர்களே கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2003 மார்ச்சில் பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் கசகஸ்தான் வீரர் ஆந்த்ரே கிவிலெவ் ஹெல்மெட் இல்லாமல் விழுந்து தலைக்காயத்தால் இறந்தார். அதே ஆண்டு சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. ஆனால் முதலில் ஒரு விலக்கு கொடுத்தார்கள். பந்தயம் ஏற்றத்தில் முடிந்தால், அந்தக் கடைசி ஏற்றம் 5 கிலோமீட்டராவது இருந்தால், அங்கே கழற்றிக்கொள்ளலாம் என்று. பிறகு அந்த விலக்கையும் எடுத்துவிட்டார்கள். போக்குவரத்தை நிறுத்தி வைத்த, முடியும் இடம் முன்பே தெரிந்த தார் ரோட்டுக்கே அந்த நிலைமை.

கொல்லிமலையில் உங்களுக்கு எதிரே பஸ்ஸும் லாரியும் இறங்கி வரும், வளைவில் அகலமாகத்தான் திரும்பும். மண்பாதை ஏற்றம் என்றால் செங்குத்தான இடத்தில் முன்சக்கரம் தூக்கி ஆளைப் பின்பக்கம் தள்ளும், அப்போது முதலில் தரையில் படுவது பின்மண்டை. அப்புறம், ஏற்றம் முடிந்ததும் நின்று, பையிலிருந்து எடுத்து, மாட்டி இறங்குவேன் என்று சொல்பவர்கள் பாதிப் பேர் உச்சியில் போட்டோ எடுத்துவிட்டு அப்படியே இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். வெயில் ஏறுவதற்கு முன் அதிகாலையில் கிளம்புங்கள், காற்றோட்டம் அதிகமான ஹெல்மெட்டாகப் பாருங்கள், உள்ளே மெல்லிய துணிப்பட்டை கட்டினால் வியர்வை கண்ணில் இறங்காது.

தலையில் இருந்தால் மட்டும் போதாது, ஸ்ட்ராப்பும் மாட்டியிருக்க வேண்டும். ஏறும்போது காற்றுக்காகத் தளர்த்தி விட்டால் விழும்போது ஹெல்மெட் தலைக்கு முன்னாடி பறந்துவிடும்.

விக்னேஷ், சென்னை: நெதர்லாந்தில் பெரும்பாலோர் ஹெல்மெட் இல்லாமல்தான் ஓட்டுகிறார்கள், அங்கே எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஹெல்மெட் போட்டால் கார்கள் நெருங்கி வருகின்றன என்று ஆய்வே இருக்கிறது. நீங்கள் பயமுறுத்துகிறீர்கள்.

நீங்கள் சொல்வது பாத் பல்கலைக்கழகத்தின் இயன் வாக்கர் ஆய்வு. அவரே சைக்கிளில் சென்சார் வைத்து ஓட்டி, ஹெல்மெட் போட்டபோது வாகனங்கள் சராசரியாக 8.5 செ.மீ. அளவுக்கு நெருங்கி முந்தியதாகச் சொன்னார். 2013-ல் அதே தரவை மறுபடி ஆராய்ந்த வேறு இருவர், ஒரு மீட்டருக்குள் நெருங்கி வரும் ஆபத்தான முந்தல்களுக்கும் ஹெல்மெட்டுக்கும் தொடர்பு இல்லை என்றார்கள். யார் சொன்னது சரி என்றாலும், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஓடும் ஒற்றையடிப் பாதையில் உங்களை முந்தப்போகும் கார் எது?

நெதர்லாந்தில் சமதரையில், சைக்கிளுக்கென்றே போட்ட பாதையில், நிமிர்ந்து உட்கார்ந்து வேலைக்குப் போகிறவர்களைப் பற்றிச் சொல்கிறீர்கள். அதே நாட்டில் எம்டிபி தடத்துக்குப் போகிறவர்களைப் பாருங்கள், தலையில் ஹெல்மெட் இருக்கும்.

விக்னேஷ், சென்னை: சரி, கார் வேண்டாம். ஹெல்மெட் போட்டவனுக்குத் தைரியம் வந்து இன்னும் வேகமாக இறங்குவானே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

இது நியாயமான கேள்வி. முழங்கால் பேட், முகம் மூடிய ஹெல்மெட் எல்லாம் புதிதாக வாங்கிய வாரத்தில் தாவக் கூடாத இடத்தில் தாவுகிறவர்கள் உண்டு. அவர்களுக்குப் பிரேக் பிடிக்கவும், இறக்கத்தில் இடுப்பைப் பின்னால் கொண்டுபோகவும், தெரியாத இடத்தில் இறங்கித் தள்ளவும் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஹெல்மெட்டைப் பிடுங்கினால் அந்தப் பழக்கம் வந்துவிடாது.

2016-ல் 40 ஆய்வுகளை, காயமடைந்த 64,000-க்கும் மேற்பட்ட சைக்கிள்காரர்களின் தரவைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஹெல்மெட் போட்டவர்களுக்குத் தலைக்காய வாய்ப்பு 51 சதவீதமும், கடுமையான தலைக்காய வாய்ப்பு 69 சதவீதமும் குறைவாக இருந்தது. இது விழுந்து அடிபட்டவர்களிடையே செய்த ஒப்பீடு, யார் அதிகமாக விழுகிறார்கள் என்று இது சொல்லாது. ஆனால் மலையில் ஓட்டுகிறவர் விழத்தான் செய்வார், அதனால் எனக்கு இந்தக் கணக்கு போதும்.

சுபா, கோயம்புத்தூர்: ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலம் 1990-ல் கட்டாயச் சட்டம் கொண்டுவந்ததும் சைக்கிள் ஓட்டுவோர் குறைந்தார்களே? விக்னேஷ் சொல்வதில் தப்பில்லை.

சட்டம் போட வேண்டுமா என்று இங்கே யாரும் கேட்கவில்லை. கடைத்தெருவுக்குக் காய்கறி வாங்கப் போகும் பாட்டிக்கு அபராதம் போடுவதை நானும் ஏற்கமாட்டேன். மலைத்தடத்தில் உங்கள் தலையில் என்ன இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. இந்த வாதத்தை இத்தோடு நிறுத்திக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

தினேஷ், மதுரை: எம்டிபி ஆரம்பித்தவர்களே ஹெல்மெட் இல்லாமல்தானே ஓட்டினார்கள்?

1976-ல் கலிபோர்னியாவில் ரீபேக் இறக்கப் பந்தயம் தொடங்கியபோது பெரும்பாலும் ஜீன்ஸும் கையுறையும்தான். தெர்மாகோல் வகை நுரை வைத்த முதல் சைக்கிள் ஹெல்மெட்டான பெல் பைக்கர் வந்ததே 1975-ல்தான். இன்று அது எல்லாக் கடையிலும் இருக்கிறது தம்பி.

ராஜா, திருப்பூர்: நல்ல ஹெல்மெட் 500 ரூபாயில் சொல்லுங்கள்.

பிரியாவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நித்யா, ஓசூர்: மிப்ஸ் என்று போட்டு விலை கூட வாங்குகிறார்கள். தேவையா?

விழும்போது தலை பெரும்பாலும் சாய்வாகத்தான் மோதும், அப்போது மூளை சுழற்சியால் அடிபடும். மிப்ஸ் என்பது ஹெல்மெட்டுக்குள் இருக்கும் வழுக்கும் அடுக்கு. மோதும் கணத்தில் ஹெல்மெட் தலையின்மேல் 10, 15 மில்லிமீட்டர் நகர்ந்து அந்தச் சுழற்சியில் ஒரு பகுதியைக் குறைக்கும். ஸ்வீடனில் ஒரு நரம்பியல் அறுவை மருத்துவரும் பொறியாளர்களும் சேர்ந்து உருவாக்கியது. பணம் இருந்தால் வாங்குங்கள். ஆனால் தலைக்குச் சரியாகப் பொருந்தாத மிப்ஸைவிட, பொருந்தும் சாதாரண ஹெல்மெட் மேல். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி, காதுக்குக் கீழே ஸ்ட்ராப் வி வடிவத்தில் சேர வேண்டும், தாடைக்கும் ஸ்ட்ராப்புக்கும் நடுவே ஒரு விரல்தான் நுழைய வேண்டும்.

ஷாஜஹான், கூடலூர்: என் மகனுக்கு 6 வயது. ஹெல்மெட்டைக் கழற்றவே மாட்டேன் என்கிறான். நல்லதுதானே?

சைக்கிளில் இருக்கும்வரை நல்லது. இறங்கியதும் கழற்றிவிடுங்கள், முக்கியமாக ஊஞ்சல், சறுக்குமரம், மரம் ஏறுதல் என்றால். இடுக்கில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஸ்ட்ராப் கழுத்தை நெரித்துக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். இதற்காகவே ஐரோப்பாவில் ஈஎன் 1080 என்று தனித்தரம் இருக்கிறது, இழுத்தால் தானே விடுபடும் பக்கிளுடன்.

பாலா, கோத்தகிரி: காப்புக்காட்டுக்குள் ஓட்ட அனுமதி எப்படி வாங்குவது?

வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். அனுமதி இல்லாமல் போகாதீர்கள், காட்டுமாடுக்கு முன்னால் ஹெல்மெட் உதவாது.

மணி, நாமக்கல்: எந்த பிராண்ட் நல்லது, 500-க்குள்?

மேலே இரண்டு முறை வந்துவிட்டது. இனி விலைக் கேள்விக்குப் பதில் எழுதமாட்டேன்.

ஜெனிஃபர், ஊட்டி: நேற்று என் தம்பி இறக்கத்தில் விழுந்தான், ஹெல்மெட்டில் விரிசல். ஒட்டிப் போடலாமா? அவனுக்கு லேசாகத் தலைவலி, காலையில் ஒரு முறை வாந்தி எடுத்தான்.

ஹெல்மெட்டைப் பிறகு பார்க்கலாம். அவனை உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், சிடி ஸ்கேன் வசதி உள்ள இடத்துக்கு. மண்டையோட்டுக்குள் ரத்தம் கசிந்தால் ஆள் சில மணி நேரம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு அப்புறம் திடீரென்று மயங்கலாம். விழுந்த பிறகு வாந்தி வந்தாலே காட்ட வேண்டும். தூக்கக் கலக்கம், தலைவலி ஏறிக்கொண்டே போவது, ஒரு கண்ணின் பாப்பா பெரிதாவது, கை கால் தளர்வது, இதில் எது தெரிந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். அவனைத் தனியாக விடாதீர்கள், வண்டி ஓட்ட விடாதீர்கள். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை சைக்கிளும் வேண்டாம்.

விரிசல் விட்ட ஹெல்மெட்டின் நுரை ஒரு முறை நசுங்கியதோடு அதன் வேலை முடிந்தது, ஒட்டினாலும் திரும்ப வராது. ஸ்ட்ராப்பை வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள், வேறு யாரும் எடுத்துப் போட்டுவிடக் கூடாது. இப்போது இதைப் படித்துக்கொண்டு உட்காராமல் கிளம்புங்கள்.