யாரும் தோண்டாத தாமிர மலையைப் படித்தால் வேலை கிடைக்குமா, அண்ணாச்சி?

அண்ணாச்சி, உங்கள் கடிதம் முழுக்கப் படித்தேன். மகள் தூத்துக்குடியில் பி.எஸ்சி. ஜியாலஜி கடைசி வருஷம், செமினாருக்கு அலாஸ்காவில் இருக்கும் ஆரஞ்ச் ஹில் என்ற தாமிர மலையை எடுத்திருக்கிறாள், அங்கே இன்றுவரை ஒரு சுரங்கமும் வரவில்லை. "யாருமே தோண்டாத இடத்தப் படிச்சு இவளுக்கு என்ன வேலை கிடைக்கும், பேசாம பி.எட். சேத்துரட்டா" என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: தயவுசெய்து தலைப்பை மாற்றச் சொல்லாதீர்கள். அவள் செய்யப்போகும் தொழில் மொத்தமும் அந்த ஒரு மலையில் இருக்கிறது.

அந்த மலை எப்படி உண்டானது என்று கேளுங்கள். சுமார் 11 கோடி வருஷத்துக்கு முன்னால், பூமிக்கு அடியிலிருந்து பாறைக்குழம்பு மேலேறி, தரைக்கு வராமலே உள்ளே நின்று இறுகியிருக்கிறது. இறுகும்போது அதிலிருந்து பிரிந்த சூடான நீர் சுற்றியுள்ள பாறையை நொறுக்கி, ஆயிரக்கணக்கான விரிசல்களில் புகுந்து, தாமிரத்தையும் மாலிப்டினம் என்ற உலோகத்தைக் கொஞ்சமும் அங்கே விட்டுவிட்டுப் போனது. இந்த வகைக்கு பார்ஃபிரி தாமிரம் என்று பெயர். தங்க நரம்பு மாதிரி ஒரே கோடாக ஓடாது, உப்புமாவில் கடுகு கிடப்பது போலப் பாறை முழுக்கப் பொடிப்பொடியாகக் கிடக்கும். பக்கத்தில் சுண்ணாம்புக்கல் இருந்த இடத்தில் அந்தச் சூடு பட்டு ஸ்கார்ன் என்ற வேறொரு பாறையே உண்டாகியிருக்கிறது. நம்ம தாழையூத்து சுண்ணாம்புக்கல்லைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, ஒரு சுண்ணாம்புக்கல் சூட்டில் என்னவெல்லாம் ஆகும் என்று புரிந்துகொள்வது கஷ்டமில்லை.

மலை ஏன் ஆரஞ்சு நிறம்? தாமிரத்தால் இல்லை. தாமிரத் தாதுவோடு கூடவே பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம் ஏராளமாக இருக்கும். மழையும் காற்றும் பட்டு அது சிதைந்து, துருப்பிடித்து, மலை முழுக்கச் சாயம் பூசிவிடும். தேடிப் போகிறவர்களுக்கு முதல் அடையாளம் அந்தத் துருதான். ஆனால் துருவைப் பார்த்ததும் தாமிரம் என்று எழுதிவிட முடியாது. கல்லை உடைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே மஞ்சளாக மின்னுவது வெறும் பைரைட்டா, தாமிரம் உள்ள சால்கோபைரைட்டா? கத்தி முனையால் கீறினால் சால்கோபைரைட் கீறுபடும், பொடி பச்சை கலந்த கறுப்பாக விழும். பைரைட் கத்திக்கு மசியாது. உங்கள் மகளிடம் கேளுங்கள், கல்லூரி லேபில் இதைக் கையால் செய்திருப்பாள்.

சரி, இவ்வளவு இருந்தும் ஏன் தோண்டவில்லை? பழைய மதிப்பீடுகளின்படி அங்கே 30 கோடி டன்னுக்கு மேல் தாதுப்பாறை இருக்கிறது, ஆனால் தாமிரம் 0.35 சதவீதம்தான். அதாவது ஒரு டன் பாறையை உடைத்து அரைத்தால் மூன்றரைக் கிலோ. நல்ல சாலையும் மின்சாரமும் துறைமுகமும் பக்கத்தில் இருந்தால் இந்த அளவுக்கே சுரங்கம் நடத்துகிறவர்கள் உண்டு. இதுவோ பனியாறு முடிகிற இடத்தில், ஊர் என்று சொல்ல எதுவும் இல்லாத பள்ளத்தாக்கில் இருக்கிறது. போதாததற்கு 1980-இல் அமைத்த ராங்கல்-செயின்ட் எலியாஸ் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் வந்துவிட்டது.

உங்கள் கேள்விக்குப் பதிலும் இதில்தான் இருக்கிறது, அண்ணாச்சி. அந்த 0.35 என்ற எண்ணை யாரோ கண்டுபிடித்தார்கள். துளை போட்டு எடுத்த உருளைக் கற்களைப் பெட்டியில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு மீட்டராகப் பார்த்து எழுதி, சோதனைக்கு அனுப்பி, வரைபடம் போட்டவர்கள் ஜியாலஜி படித்தவர்கள். தேடிப் பார்க்கும் இடங்களில் பெரும்பாலானவை சுரங்கம் ஆவதே இல்லை. "இங்கே தோண்ட வேண்டாம்" என்று ஆதாரத்தோடு எழுதிக் கொடுப்பதற்கும் சம்பளம் உண்டு, அதுவும் கோடிக்கணக்கான பணத்தை மிச்சப்படுத்துகிற வேலை. நம் மாநிலத்திலேயே பழைய தென்னாற்காட்டு மாமண்டூரில் துத்தநாகம், ஈயம், தாமிரம் கலந்த தாதுவை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை ஆராய்ந்திருக்கிறது. சுரங்கம் வரவில்லை என்பதால் அந்த வேலை வீண் என்று ஆகிவிடுமா?

நீங்கள் சொல்லாவிட்டாலும் உங்கள் மனதில் இருப்பது எனக்குத் தெரிகிறது. ஜியாலஜி என்றால் நம் பக்கத்தில் கல் குவாரிதான் ஞாபகம் வரும். 2022-இல் நெல்லைப் பக்கம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்ததை யாரும் மறக்கவில்லை. தாமிரம் என்றால் 2018-இல் மூடிய தூத்துக்குடி ஆலை. ஆனால் வெளியிலிருந்து வரும் தாதுவை உருக்குகிற ஆலை வேறு, மலையில் போய்த் தாதுவைத் தேடுகிற வேலை வேறு. உங்கள் மகள் போகப்போவது இரண்டாவதற்கு.

வேலைக்கு வருவோம். பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் கதவுகள் குறைவு, எம்.எஸ்சி. கண்டிப்பாக வேண்டும். யுபிஎஸ்சி நடத்தும் ஜியோ சயின்டிஸ்ட் தேர்வுக்கு அதுதான் தகுதி. அதில் தேறினால் 1851-இல் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையிலோ மத்திய நிலத்தடி நீர் வாரியத்திலோ அதிகாரியாகச் சேரலாம். ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அணுக் கனிம இயக்ககம், நாக்பூரில் இருக்கும் மத்திய அரசின் கனிம ஆய்வு நிறுவனம் எம்இசிஎல், டிஎன்பிஎஸ்சி வழியாக உதவிப் புவியியலாளர் என்று வேறு வழிகளும் உண்டு. 2023-இல் மத்திய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் தாமிரமும் இருக்கிறது. அதே வருஷம் சட்டத்தைத் திருத்தி, ஆழத்தில் கிடக்கும் கனிமங்களைத் தேடத் தனியாருக்குத் தனி உரிமமும் கொண்டுவந்தார்கள். ஆனால் தனியார் ஆய்வு வேலை உலோக விலையோடு ஏறி இறங்கும், ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த இடம் தேட வேண்டியிருக்கும். அதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க எனக்கு மனசில்லை.

பெண்பிள்ளை, காடு மேடு, கல்யாணம். இதைக் கடிதத்தில் மூன்று இடத்தில் சுற்றிச் சுற்றி எழுதியிருக்கிறீர்கள். வருஷத்தில் சில மாதம் களத்தில் தங்க வேண்டியிருக்கும், உண்மை. வெயிலில் பத்து கிலோமீட்டர் நடக்கப் பிடிக்காத பிள்ளை என்றால் நானே வேண்டாம் என்பேன். ஆனால் உங்கள் மகள் களப்பயணம் போய்விட்டு வந்து பை நிறையக் கல்லைக் கொண்டுவந்து வீட்டில் பரப்புகிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நிலத்தடிச் சுரங்கத்தில்கூடப் பெண்கள் பகல் நேரத்தில் தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணி செய்ய 2019-இலேயே அனுமதி வந்துவிட்டது.

இப்போது செய்ய வேண்டியது, செமினாரை நன்றாக முடிக்கட்டும். அந்த மலையைப் பற்றிய அமெரிக்க அரசு அறிக்கைகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, வரைபடத்தை அவளே கையால் மறுபடி வரையட்டும். அப்புறம் கணினியில் வரைபடம் போடும் க்யூஜிஐஎஸ் மென்பொருளைக் கற்றுக்கொள்ளட்டும், அதுவும் இலவசம்தான். ஐஐடி எம்.எஸ்சி.க்கான ஜாம் தேர்வுக்கு ஜியாலஜி தாளில் தயாராகச் சொல்லுங்கள், பிப்ரவரியில் நடக்கும். அது சரியாக வராவிட்டாலும் தமிழ்நாட்டிலேயே நல்ல எம்.எஸ்சி. இடங்கள் இருக்கின்றன. பி.எட். எங்கேயும் ஓடிப்போகாது, எம்.எஸ்சி. முடித்த பிறகும் யோசிக்கலாம்.

செமஸ்டர் பரீட்சை முடிந்ததும் அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கனிமம் தேடப் போவதா, நிலத்தடி நீர் பக்கம் போவதா என்பதை அவளிடம் பேசித்தான் என்னால் சொல்ல முடியும்.