மெஷ் சிறிதாகச் சிறிதாக மொமென்ட் ஏறுவது ஏன்?

அண்ணாச்சி, பாளையங்கோட்டை வீட்டு மாடி ஸ்லாப்பைக் கணினியில் மெஷ்ஷாக (எலிமென்ட் எனும் சிறு சிறு கட்டங்களாக) பிரித்து, 2000 லிட்டர் டேங்க் ஸ்டாண்டின் நாலு காலையும் நாலு நோடில் (கட்டங்களின் மூலைகள் சேரும் புள்ளியில்) புள்ளிச் சுமையாக வைத்தேன், மெஷ்ஷைச் சிறிதாக்கினால் மொமென்ட் (ஸ்லாப்பை வளைக்கும் திருப்புவிசை) ஏறிக்கொண்டே போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மென்பொருளில் கோளாறு இல்லை. மெல்லிய தட்டுக் கோட்பாட்டில் புள்ளிச் சுமைக்கு நேர் கீழே மொமென்ட்டுக்கு எல்லையே கிடையாது. டிஃப்ளெக்ஷன் (ஸ்லாப் கீழே தொய்யும் அளவு) மட்டும் ஒரு மதிப்பில் நின்றுவிடும், அதனால்தான் அது சரியாகத் தெரிகிறது.

சுமையைப் பரப்பாகக் கொடுங்கள். கால் தகடு 150 மி.மீ., ஸ்லாப் 125 மி.மீ. என்றால், 45 டிகிரியில் நடு ஆழம் வரை விரியும்போது பக்கம் 150 + 125 = 275 மி.மீ. தண்ணீர், டேங்க், ஸ்டாண்ட் சேர்ந்து சுமார் 22 கி.நியூ. என்று எடுத்தால் ஒரு காலுக்கு 5.5. அதை 0.275 × 0.275 ச.மீ.யால் வகுத்தால் ஏறக்குறைய 73 கி.நியூ./ச.மீ. அந்தச் சதுரத்தின் ஓரங்களில் மெஷ் கோடு விழ வேண்டும். உள்ளே 2 × 2 எலிமென்ட் போதும். ஸ்லாப் மேல் பதித்திருக்கும் தட்டோட்டையும் சுர்க்கியையும் சுமை விரிவுக்குக் கணக்கில் சேர்க்காதீர்கள், நனைந்து நொறுங்கும் சரக்கு அது. கால் நிற்கும் இடத்தில் அதை வெட்டி எடுத்துவிட்டு கான்கிரீட் பீடம் போடுங்கள்.

இந்த 73 கி.நியூ./ச.மீ. பிரஷரை உலக அச்சில் (மாதிரி முழுவதற்கும் பொதுவான அச்சில்) கீழ்நோக்கிக் கொடுங்கள். லோக்கல் அச்சில் (ஒவ்வொரு எலிமென்ட்டின் சொந்த அச்சில்) கொடுத்தால், தலைகீழாக வரைந்த எலிமென்ட்டில் சுமை மேல்நோக்கிப் போய்விடும். ஓட்டியதும் மொத்த ரியாக்ஷன் (தாங்கிகள் திருப்பித் தரும் விசை) இந்தச் சுமைக்கு 22 கி.நியூ.தானா என்று கட்டாயம் பாருங்கள்.

பஞ்சிங் ஷியர் (கால் ஸ்லாப்பைத் துளைத்து இறங்கப் பார்க்கும் வெட்டு விசை) இங்கே பிரச்சினையே இல்லை: இந்தியக் கான்கிரீட் விதித்தொகுப்பான ஐ.எஸ். 456 முறையில் 0.08 நி./ச.மி.மீ.தான் வருகிறது, எம்20 ரக கான்கிரீட்டுக்கு அனுமதி 1.12. முடிந்தால் கால்களை பீம் மேலேயே நிறுத்திவிடுங்கள்.