அப்பாவின் செத்தவீட்டில் ஏன் அழவில்லை?

கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், தம்பி. நாலு பக்கம் எழுதிவிட்டு, போகிற போக்கில் இப்படி முடித்திருக்கிறீர்கள்: "மூன்று கிழமையாகக் கப்பல் கொப்பி (வருகிற கப்பல்களைக் குறித்து வைப்பது) எழுதவில்லை, இரவில் சாப்பிடுவதில்லை, விடிய மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது. மற்றபடி கவலை ஒன்றுமில்லை." அந்த 'மற்றபடி'யை நான் நம்பவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உங்களை அரிக்கிற கேள்வி வேறு. போன வருடம், 29 வயதில், உங்களுக்கு ஓட்டிசம் (பிறவியிலேயே மூளை வேறு மாதிரி இயங்குகிற தன்மை) என்று சொன்னார்கள். அப்பாவின் செத்தவீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. போதாததற்கு, யாரோ ஒப்பாரி சொல்லும்போது சிரிப்பு வந்தது. அக்கா "கல்லு மனசு" என்றார். நீங்கள் நடுச்சாமத்தில் போனில் ஒரு 'மனப் பரீட்சை' எழுதி, 'இரக்கமற்றவர்' என்று புள்ளி வாங்கியிருக்கிறீர்கள். அதைத் தயாரித்தவருக்கு உங்கள் அப்பாவைத் தெரியுமா? அவர் படுக்கையில் கிடந்த கடைசி 11 நாளும் இரவில் முழித்திருந்து ஈரத்துணி மாற்றியது நீங்கள்தான் என்று அதே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்களே. இரக்கம் இல்லாதவர் செய்கிற வேலையா அது? செத்தவீட்டுச் சிரிப்பை விடுங்கள். பதற்றம் கூடினால் அது யாருக்கும் வரும்.

இரண்டாம் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது. 31ஆம் நாள் கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் அந்தியேட்டி முடிந்து வெந்நீர் அள்ளி ஊற்றியபோது நெஞ்சு அடைத்து, தொண்டை இறுகி, கை நடுங்கியதாம். வாய்வு என்று நினைத்து ஓமத்திரவம் குடித்தீர்களாம். தம்பி, அது வாய்வு இல்லை. ஒரு மாதம் பிந்தி வந்த துக்கம். வந்தபோது அதை அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். (நெஞ்சு அடைப்பு திரும்ப வந்தால், முக்கியமாக மாடி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ வந்தால், கதை வேறு. அப்போது எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.)

இதற்கு அலெக்சிதீமியா என்று பெயர். 1970களில் பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து வைத்த பெயர். உணர்வுக்குச் சொல் இல்லை என்று பொருள். உணர்வே இல்லை என்றல்ல. நோயும் அல்ல, ஒரு தன்மை. ஓட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இது இருக்கிறது. மற்றவர்களில் சுமார் 20 பேரில் ஒருவருக்கு. ஓட்டிசம் இருந்தாலே உணர்வு புரியாது என்று யாராவது சொன்னால், மிச்சப் பாதிப் பேரை அவர்களுக்கு நினைவுபடுத்துங்கள்.

இதயம் அடிப்பது, வயிறு புரள்வது, மூச்சு ஏறுவது எல்லாம் மூளைக்குச் செய்தியாகப் போய்த்தான் 'பயம்', 'கோபம்' என்று பெயர் பெறுகின்றன. உங்களைப் போன்ற பலருக்கு அந்தச் செய்தி ஒன்றில் மங்கலாக வரும், அல்லது எல்லாம் ஒரேயடியாக வந்து கொட்டும். பசியும் பயமும் சிறுநீர் முட்டுவதும் ஒரே மாதிரி, 'ஏதோ சரியில்லை' என்றுதான் தெரியும். கந்தோரில் ஜெனரேட்டர் இரைந்துகொண்டு ஓடிய அன்று உடன்வேலை செய்பவர்மேல் எரிந்து விழுந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அவரை வெறுப்பது காரணமாக இருக்க வேண்டியதில்லை. அன்று மத்தியானம் நீங்கள் சாப்பிட்டீர்களா?

அக்காவுக்கும் ஒரு வார்த்தை. முகத்தைப் பார்த்து மனதைச் சொல்லிவிடலாம் என்று எல்லோரும் நினைக்கிறோம். ஓட்டிசம் உள்ளவருக்கு மற்றவர்களின் முகம் பிடிபடாதது போல மற்றவர்களுக்கும் அவருடைய முகம் பிடிபடுவதில்லை. தானும் ஓட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் 2012இல் இதை எழுதிவைத்தார். தம்பியின் முகத்தை விட்டுவிட்டு, அந்த ஈரத்துணியைப் பாருங்கள் பிள்ளை.

இனிக் குளிசை. மாமி மிச்சம் வைத்த நித்திரைக் குளிசையை நாலு இரவு போட்டீர்களாம். யாரைக் கேட்டு? உடம்பின் செய்தி ஏற்கெனவே மங்கலாக வருகிற ஆள் அதை இன்னும் மங்க வைக்கலாமா? இனிப் போட வேண்டாம். நாலு இரவு என்பது உண்மையில் நாலு கிழமை என்றால் மட்டும் திடீரென்று நிறுத்தாமல் கிளினிக்கில் சொல்லுங்கள். திட்ட மாட்டார்கள். திட்டுகிற வேலையை நான் செய்துவிட்டேன்.

உணர்வுகளின் பெயரைப் பாடமாக்குவது இப்போது வேண்டாம். உடம்பிலிருந்து தொடங்குங்கள். மா ஆலைக்கு வருகிற கோதுமைக் கப்பலுக்கு நாள், நேரம், கொடி என்று நிரல் போட்டு எழுதுகிற உங்களுக்கு இன்னொரு நிரல் போடுவது பெரிய வேலையா? ஒரு நாளில் மூன்று தரம் போனில் மணி அடிக்கட்டும். தாடை இறுகியிருக்கிறதா, வயிறு எப்படி, கை சூடா குளிரா, சுற்றிச் சத்தமா, கடைசியாக எப்போது சாப்பிட்டேன். அப்புறம் 'நல்லது', 'கெட்டது', 'தெரியாது' மூன்றில் ஒன்று. 'தெரியாது' என்பதும் சரியான விடைதான். பெயர் இரண்டு நாள் கழித்து வந்தால் பின்னால் போய் எழுதுங்கள்.

சரி, அந்தக் கடைசி வரி. உங்களைப் போன்றவர்களுக்கு மனச்சோர்வு பல நேரம் அழுகையோடு வராது. "கவலையா?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள், பொய் சொல்வதில்லை, அவர்களுக்கே தெரியாது. அதனால் நான் முகத்தைப் பார்ப்பதில்லை, கொப்பியைத்தான் பார்ப்பேன். உயிராக நேசித்த ஒன்றை ஒருவர் சத்தமில்லாமல் கைவிட்டு, நித்திரையும் சாப்பாடும் சேர்ந்து குழம்பி, அது இரண்டு கிழமையைத் தாண்டினால், எனக்கு அது போதும். உங்களுக்கு மூன்று கிழமை. இந்தக் கிழமைக்குள் பெரியாஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குப் போங்கள்.

"நான் இல்லாமல் போனாலும் பரவாயில்லை" என்ற எண்ணம், கவலையே இல்லாமல் ஒரு கணக்கு மாதிரி வந்தாலும், கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். இரவானால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926ஐ அழையுங்கள். வாய் திறந்து சொல்ல வராவிட்டால் அக்காவுக்கு "வா" என்று ஒரு மெசேஜ் போதும். அர்த்தம் என்னவென்று இன்றைக்கே அவரிடம் சொல்லி வையுங்கள்.

கிளினிக்கில் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். உங்கள் வாய் "நல்லாயிருக்கிறேன்" என்றுதான் சொல்லும். ஆகவே கப்பல் கொப்பியைக் கொண்டுபோய், எழுதாமல் விட்ட பக்கத்தைத் திறந்து மேசையில் வையுங்கள். குளிசைப் பட்டையையும்.