கீ கண்ணெதிரே இருக்கிறது, பைத்தான் நிரல்மொழி இல்லை என்கிறது. ஏன்?

கேள்வி இதுதான்: வரிசை எண்ணைக் கீயாகவும் மதிப்பெண்ணை வேல்யூவாகவும் வைத்து ஒரு டிக்ஷனரி (கீயைக் கொடுத்தால் அதற்குரிய வேல்யூவைத் தரும் தொகுப்பு). அதில் 12 இருக்கிறது. ஆனால் இன்புட்டில் 12 என்று தட்டித் தேடினால் கீ எரர் வருகிறது.

பிழைச் செய்தியை இன்னொரு முறை பாருங்கள். கடைசியில் வெறும் 12 என்று இருக்கிறதா, மேற்கோள் குறிக்குள் '12' என்று இருக்கிறதா? மேற்கோள் குறி இருந்தால் ஆள் சிக்கிவிட்டான். இன்புட் (input) எப்போதும் ஸ்ட்ரிங்காகத்தான், அதாவது எழுத்துத் தொடராகத்தான் தரும். 12 வேறு, '12' வேறு. இன்ட் (int) போட்டு எண்ணாக மாற்றித் தேடுங்கள், கிடைத்துவிடும்.

டிக்ஷனரி ஒவ்வொரு கீயாகப் புரட்டிப் பார்ப்பதில்லை. கீயின் ஹேஷைக் (கீயிலிருந்து கிடைக்கும் ஓர் எண்) கணக்கிட்டு, அது காட்டும் இடத்துக்கு நேராகப் போகிறது. அங்கே இருப்பதும் நாம் கேட்பதும் சமமா என்று மட்டும் பார்க்கிறது. லட்சக்கணக்கில் கீ இருந்தாலும் சட்டென்று பதில் வருவது அதனால்தான். 'கிட்டத்தட்ட இதுதானே' என்ற பேச்செல்லாம் அதனிடம் எடுபடாது. (1, 1.0, ட்ரூ மூன்றும் அதற்கு ஒரே கீ என்பது தனி வேடிக்கை. மூன்றும் சமம், ஹேஷும் ஒன்றே.)

நான் மாட்டிக்கொண்டது தமிழில். ஒரு கோப்பில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ண நிரல் எழுதினேன். முதலில் வரிக் கடைசியில் இருந்த நியூலைன் (வரி முடிவுக் குறி) கீயோடு ஒட்டிக்கொண்டது; ஓரங்களை வெட்டும் ஸ்ட்ரிப் (strip) போட்டதும் போய்விட்டது. அப்புறமும் 'சொல்' என்ற கீ இரண்டு முறை வந்தது! நீளம் சொல்லும் லென் (len) போட்டுப் பார்த்தால் ஒன்றுக்கு 4, இன்னொன்றுக்கு 5. ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் 'சொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். யூனிகோட்டேட்டா (unicodedata) மாட்யூலில் உள்ள நார்மலைஸை (normalize), பிரிந்த குறிகளைச் சேர்த்துவிடும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு ஓட்டிவிட்டு எண்ணினேன், இரண்டும் ஒன்றாகிவிட்டன. தமிழ்ச் சொற்களைக் கீயாக வைப்பவர்கள் இதை முதல் வரியிலேயே செய்துவிடுவது நல்லது.

சதுர அடைப்புக்குறிக்குப் பதில் டிக்ஷனரியின் கெட் (get) பயன்படுத்தினால் எரர் வராது என்று பலர் சொல்வார்கள். வராதுதான். ஆனால் அது சத்தமில்லாமல் 'ஒன்றுமில்லை' என்று பொருள்படும் None என்று கொடுத்துவிட்டுப் போய்விடும். நிரல் இருபது வரி தள்ளி, சம்பந்தமே இல்லாத இடத்தில் விழும். எண்ணும்போது கெட்டுக்கு 0 என்ற இயல்பு மதிப்பைக் கொடுத்து ஒன்றைக் கூட்டுவது அழகான வழி, நானும் அப்படித்தான் எழுதுகிறேன். கட்டாயம் இருக்க வேண்டிய கீயைத் தேடும்போது மட்டும் சதுர அடைப்புக்குறியே போடுங்கள். எரர் வரட்டும். அதற்கு முந்தைய வரியில் அந்தக் கீயை ரெப்ர் (repr) வழியாக அச்சிட்டால் ஒட்டிய வெற்றிடமும் நியூலைனும் தெரிந்துவிடும். தமிழ் எழுத்தென்றால் ரெப்ருக்குப் பதில் அஸ்கி (ascii) ஃபங்ஷன், அது ஒவ்வொரு குறியின் எண்ணையும் காட்டும்.